வக்கீலுக்கு எதுக்கு கெமிஸ்ட்ரி?

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். எதிர்த்துப் பேசுகிற பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்த வாயை வைத்தே பிழைத்துக்கொள்ளட்டும், வக்கீலாக்கிவிடலாம் என்று முடிவு கட்டியவர் தாய்மாமா. அவரும் வக்கீல்தான், பிள்ளை கிடையாது. முதலில் அரசியல் அறிவியலில் பட்டம், பிறகு சட்டக் கல்லூரி, அதன் பிறகு அவருடைய அலுவலகமே அவளுக்கு. திட்டமெல்லாம் அவர் போட்டது. அம்மாவுக்கோ அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

கல்லூரிச் சேர்க்கை அறையில் பேராசிரியை, "என்ன பாடம் எடுக்கப் போறம்மா?" என்று அவளைத்தான் கேட்டார். பதில் சொன்னவர் மாமா.

"அரசியல் அறிவியல், மேடம்."

"இல்ல மேடம். கெமிஸ்ட்ரி," என்றாள் அவள்.

மாமா சிரித்தார். "வக்கீலாகப் போறவளுக்கு எதுக்குடி கெமிஸ்ட்ரி? குடுவையை ஆட்டிக்கிட்டே வாதாடப் போறியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. போன விடுமுறையில் மாமாவின் வழக்கு ஒன்றைப் பார்க்க நீதிமன்றத்தின் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாயப்பட்டறைக் கழிவு கிணற்றில் இறங்கிவிட்டதென்று ஒரு தெருவே மாமாவை வைத்து வழக்குப் போட்டிருந்தது. பட்டறைக்காக வந்த ஆய்வுக்கூடத்துக்காரர், தண்ணீரைக் கேனில் பிடித்துப் பல நாள் வெயிலில் வைத்திருந்து சோதித்ததாகத் தன் வாயாலேயே சொன்னார். அதற்குள் தண்ணீர் மாறியிருக்காதா? ஊரையே கேள்வி கேட்டுத் துளைக்கிற மாமா அன்றைக்கு அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கு தோற்றது. ஆனால் எப்படி மாறும், என்ன கேட்டு மடக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"அன்னைக்கு அந்த ஆய்வுக்கூடத்துக்காரரை ஏன் மாமா சும்மா விட்டீங்க?"

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். நமக்கு எதுக்கு?"

"நமக்கு வேண்டாம். அந்தத் தெருக்காரங்களுக்கு வேணும்ல? இன்னும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறாங்க."

பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்நியர் முன்னால் மானம் போய்விட்டதில் மாமாவின் முகம் சிவந்தது.

"கெமிஸ்ட்ரி எடுத்தா என் ஆபீஸ் பக்கமே வராத. சொல்லிட்டேன்."

"மாமாகிட்ட மன்னிப்புக் கேளுடி," என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அவள் கையைக் கிள்ளினாள்.

சின்ன வயதிலிருந்து அந்த அலுவலகத்தில் தன்னை உட்காரவைத்துப் பார்த்துக் கனவு கண்டவள் அவள். அது கைநழுவிப் போகிறது என்று தெரிந்தே வாயைத் திறந்தாள்.

"சரி மாமா, வரல. ஆனா அந்த மாதிரி ஆள் மறுபடியும் கூண்டுல ஏறினா, நீங்கதான் என்னைத் தேடி வருவீங்க. தாராளமா வாங்க. தாய்மாமான்னு ஃபீஸ் மட்டும் குறைக்க மாட்டேன்."