பகர அடைப்பு

பீளமேட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மேல்மாடியில் கோமளா நடத்தும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அன்புக்கரசி பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், நிலப் பத்திரம், கோர்ட்டுக்குப் போகும் வாக்குமூலம் என்று தமிழில் வருவதையெல்லாம் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பாள். அவள் செய்த வேலை திரும்பி வந்ததில்லை என்று கோமளா பெருமையாகச் சொல்வதுண்டு.

மார்ச் மாதம் போத்தனூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து இரண்டு பக்கத் தாள் வந்தது. மில்லில் ஃபிட்டராக இருந்த மயில்சாமி என்பவரின் வாக்குமூலம். பழுது பார்த்துக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென ஓட ஆரம்பித்ததில் அவருடைய வலது கை தோள்வரை சிக்கிவிட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரிடம் பேசினார். ஐந்தாம் நாள் இறந்துபோனார். மில்லின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்ததால் விசாரணைக்கு ஆங்கிலப் பிரதி தேவைப்பட்டது.

போலீஸ்காரர் அவர் பேச்சை அப்படியே எழுதியிருந்தார். நடுவில் இப்படி ஒரு வரி: “அவன் மெயினை ஆஃப் பண்ணியாச்சுன்னு சொன்னான். நம்பிக் கைய உட்டேன்.”

யார் அந்த அவன் என்று முன்னும் பின்னும் இல்லை. அன்புக்கரசி மில்லுக்குப் போன் செய்து, தாளை அனுப்பிய பணியாளர் அதிகாரி ரவிதேஜாவைக் கேட்டாள்.

“எலக்ட்ரீசியன் பிரவின்குமாருங்க மேடம். அன்னைக்கு ஷிப்ட்ல அவருதான் இருந்தாரு” என்றார் அவர்.

‘ஹீ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் (பிரவின்குமார்) என்று அடைப்புக்குறிக்குள் தட்டினாள். படிக்கிறவர்களுக்குக் குழப்பம் இருக்காது என்பதைத் தவிர அப்போது அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. மதியத்துக்குள் முடிக்க வேண்டிய சான்றிதழ்கள் மூன்று மேசைமேல் இருந்தன.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, முப்பது வயதுகூட இருக்காத ஒருவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தான். பிளாஸ்டிக் கவருக்குள் இருந்து சில தாள்களை எடுத்து வைத்தான்.

“இதைத் தமிழ்ல மாத்தித் தரணுமுங்க. ஐடிஐ படிச்ச இங்கிலீஷுங்க எனக்கு. பாதி புரியுது, பாதி புரியமாட்டேங்குது.”

மில்லின் பணிநீக்க உத்தரவு அது. இரண்டாம் பக்கத்தில் அவள் கண் நின்றது. இறந்தவர் தம் வாயாலேயே எலக்ட்ரீசியனின் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்று எழுதி, அதற்குச் சான்றாக மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியத்தைக் கொடுத்திருந்தார்கள். அவள் எழுதிய வாக்கியம். அவள் போட்ட அடைப்புக்குறி.

ஆங்கிலத்தில் மேற்கோளுக்குள் வளைந்த பிறை அடைப்பு வந்தால், உள்ளே இருப்பதும் பேசியவர் சொன்னதுதான் என்று பொருள். வேறொருவர் விளக்கத்துக்காகப் பிற்பாடு சேர்க்கும் சொல்லைச் சதுரமான பகர அடைப்புக்குள்தான் போட வேண்டும். [பிரவின்குமார்] என்று இருந்திருந்தால், அது மயில்சாமியின் சொல் இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்திருக்கும். இந்த விதி அன்புக்கரசிக்குத் தெரியாததல்ல. கல்லூரியில் படித்தது. பத்திரங்களில் எல்லாவற்றுக்கும் பிறை அடைப்பே போட்டுப் போட்டுக் கை அதற்குப் பழகியிருந்தது.

“முழுசா அப்புறம் எழுதிக் குடுங்க” என்றான் பிரவின்குமார். “ஒண்ணே ஒண்ணு மட்டும் இப்பச் சொல்லுங்க. மயில்சாமி அண்ணன் என் பேரைச் சொன்னாருன்னு மில்லுல சொல்றாங்க. நெசமாவே சொன்னாருங்களா?”

தெரியாது என்று சொல்லி அவனை அனுப்பிவிடலாம். அந்தத் தாளில் அவள் பெயர் எங்கும் இல்லை.

“சொல்லலீங்க” என்றாள். “அவர் ‘அவன்’னு மட்டுந்தான் சொன்னாரு. உங்க பேரை எழுதினது நான்.”

அவன் கோபப்படவில்லை. நெடுநேரம் ஹெல்மெட்டின் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

“நான் அன்னைக்கு அந்த ஷெட்டுலயே இல்லீங்க. ஆனா அண்ணனே சொல்லிப்போட்டாருன்னதும், ஒருவேளை ஆஃப் பண்ணியாச்சுன்னு சொல்லியிருப்பனோ, மறந்துட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. அஞ்சு மாசமா அவுங்க ஊட்டுப் பக்கமே போகலீங்க. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூடப் போகல.”

அவன் போனபின் அன்புக்கரசி கோமளாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கோமளா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“தப்புன்னு எழுதிக் குடுத்தா அந்த மில்லு வேலை இனி வராது. மத்த மில்லுக்காரங்களும் கேள்விப்படுவாங்க. தெரியுமில்ல அம்மணி?”

“தெரியுமுங்க.”

“அடைப்புக்குறிதானே, அவுங்க தப்பாப் படிச்சதுக்கு நாம என்ன பண்றதுன்னு சொல்லிடலாமே.”

“அவுங்க சரியாத்தான் படிச்சிருக்காங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

இரண்டு நாள் இருவரும் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. மூன்றாம் நாள் அன்புக்கரசி திருத்த அறிக்கையை அலுவலகத் தாளில் அடித்து, கையெழுத்துப் போட்டு, கோமளாவின் மேசைமேல் வைத்தாள். முத்திரை இல்லாமல் அது செல்லாது. கோமளா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்துக் குத்தி, தானும் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

பிரவின்குமாரின் மேல்முறையீட்டைத் தொழிலாளர் துறை அதிகாரி செப்டம்பரில் விசாரித்தார். மில் தரப்பில் ரவிதேஜாவும் ஒரு வக்கீலும் வந்திருந்தார்கள். மயில்சாமியின் மனைவி காளியாத்தாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் சுவரோரம் இருந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் சிரித்தபடி சொன்னார். “சார், ஒரு பிராக்கெட் வளைஞ்சிருக்கா நேரா இருக்கான்னு பாத்துட்டு இருக்கோம்.”

அதிகாரி அன்புக்கரசியைப் பார்த்தார். அவள் இரண்டு அடைப்புகளையும் ஒரு தாளில் வரைந்து காட்டினாள்.

“இதுக்குள்ள இருந்தா செத்தவரு சொன்னது. இதுக்குள்ள இருந்தா நான் சொன்னது. நான் சொன்னதை அவர் சொன்னதா ஆக்கிட்டேனுங்க சார். தமிழ்ப் பிரதியில அந்தப் பேரே இல்ல.”

“அப்ப அந்த அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. ரவிதேஜா சாரைக் கேட்டேன். இவர் சொன்னதை எழுதினேன்.”

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டதற்கு, ஷிப்ட் பதிவேட்டில் எலக்ட்ரீசியன் பெயர் அது ஒன்றுதான் இருந்தது என்றார் ரவிதேஜா. நேரில் பார்த்தவர் யாரும் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் காளியாத்தாள் வாயைத் திறந்தாள். “ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லலாமுங்களா? எங்கூட்டுக்காரரு இந்தப் பையனைத் தம்பீன்னுதான் சொல்லுவாருங்க. ஊட்டுல பேசறப்பக்கூட அவன் இவன்னு சொன்னதில்லீங்க.”

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். வக்கீல் அதை மறுத்துப் பேசினார். தீர்ப்பு வர மேலும் இரண்டு மாதம் ஆனது. பணிநீக்கம் செல்லாது, மில் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மறுவிசாரணையில், அந்த நேரத்தில் பிரவின்குமார் ஜெனரேட்டர் அறையில் இருந்ததற்கு இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். மெயினை ஆஃப் செய்தாகிவிட்டது என்று சொன்னவன் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. கோமளா பயந்ததுபோல் மில் வேலைகள் பாதியாகக் குறைந்தன.

ஆனால் அன்புக்கரசிக்கு மறக்காமல் இருப்பது அந்தச் செப்டம்பர் நாள்தான். விசாரணை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது பிரவின்குமார் காளியாத்தாளின் அருகே போகத் தயங்கித் தள்ளியே நின்றான். அவளாகவே அவனிடம் போய், “இத்தன நாளா ஏன் தம்பி ஊட்டுக்கு வரல?” என்றாள்.

பிறகு காளியாத்தாள் அன்புக்கரசியிடம் திரும்பினாள்.

“அந்தத் தமிழ்த் தாளு உங்ககிட்ட இருக்குங்களா? அவரு என்ன பேசினாருன்னு யாருமே எனக்குப் படிச்சுக் காட்டலீங்க. ஆஸ்பத்திரியில என்னைய வெளிய நிக்கச் சொல்லிப்போட்டாங்க.”

மூவரும் வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்புக்கரசி தாளைப் பிரித்து முதல் வரியிலிருந்து படித்தாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ‘அவன்’ என்று வந்த இடத்தில் ‘அவன்’ என்றே படித்தாள். காளியாத்தாள் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரி வந்தது.

“மதியச் சோத்தைத் திங்கல. டிபன் பாக்ஸு மிஷின் பக்கத்துல இருக்குது. ஊட்டுல குடுத்துருங்க.”

காளியாத்தாள் தலையை ஆட்டினாள்.

“குடுத்தாங்க” என்றாள்.