டோக்கன் நம்பர் 214

திருவொற்றியூர் ஆணித் தொழிற்சாலைக்கு 1953-இல் வந்த புது மேனேஜருக்குச் சராசரி என்றால் உயிர். தொழிலாளிகளின் வயது, எடை, டோக்கன் நம்பர் எல்லாவற்றுக்கும் சராசரி கேட்டார். குமாஸ்தா வேம்பு பயந்துகொண்டு போட்டுக் கொடுத்தான். டோக்கன் நம்பரின் சராசரி 214 என்று வந்தது.

"அப்போ 214தான் நம்ம சராசரித் தொழிலாளி! அவனுக்கு மாலை போடணும், கூப்பிடு."

அந்த நம்பர்க்காரன் தண்டபாணி, மூட்டைகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். வேலை போச்சு என்று நினைத்து, அங்கேயே வேலை பார்த்த மனைவி குப்பம்மாவையும் துணைக்கு அழைத்து வந்தான். கழுத்தில் மாலை விழுந்ததும், "இன்னா நைனா, நான் செத்துட்டேனா?" என்றான்.

வேம்புவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "சார், வயசும் எடையும் அளவு. கூட்டி வகுக்கலாம். டோக்கன் நம்பர் ஆளுக்கு வச்ச பேரு மாதிரி. பேரைக் கூட்டி வகுக்க முடியுமா?"

மேனேஜர் முகம் சிவந்தது. "மாலையைக் கழட்டு!"

குப்பம்மா குறுக்கே வந்தாள். "கண்ணாலத்துக்கே இம்மாம் பெரிய மாலை போடலை. வூட்டாண்ட காட்டிட்டுத்தான் கழட்டுவாரு."

இருவருக்கும் அரைநாள் லீவு கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.