கொழுந்தன் சொல்லிக்கொடுத்த வித்தியாசம்

என் கொழுந்தனுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அதுதான் எங்கள் வீட்டைப் பிடித்த சனி.

அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் ஒரே அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் வேலை. என் வீட்டுக்காரர் வெட்டுகிற மிஷினில். தம்பி அங்கே சேஃப்டி ஆபீசர். பிளேடை மூட ஓர் இரும்பு மறைப்பு உண்டு. மாட்டினால் வேலை மந்தமாகும் என்று அதைக் கழற்றி, கொழுந்தனின் அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். விருந்தாளி வந்தால் எடுக்கிற நல்ல தட்டு மாதிரி, இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் வெளியே வரும்.

அது அலமாரிக்குள் இருந்த ஒருநாள், என் வீட்டுக்காரரின் வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்கு வந்த கொழுந்தன் அண்ணன் முகத்தையே பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினான்.

“அண்ணி, யாராச்சும் கேட்டா இன்சிடென்ட்னு சொல்லுங்க. ஆக்ஸிடென்ட்னு சொல்லிடாதீங்க.”

“ரெண்டுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?”

“இன்சிடென்ட்னா ஏதோ நடந்துச்சுன்னு அர்த்தம். ஆக்ஸிடென்ட்னா அடிபட்டிருக்குன்னு அர்த்தம். அடிபட்டிருந்தா மறைப்பு எங்கேன்னு கேப்பாங்க.”

“விரலையே காணோம். அது அடி இல்லையா?”

“நீங்க வேற, அண்ணி!”

ஆக்ஸிடென்ட் என்று எழுதினால் கம்பெனி இவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுத்தாக வேண்டும். இன்சிடென்ட் என்றால் இவருடைய கவனக்குறைவு, வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் ஃபேக்டரி கேட்டில் ‘ஆக்ஸிடென்ட் இல்லாத நாட்கள்’ என்று ஒரு போர்டு தொங்குகிறது. அதில் எண் பூஜ்யமானால் கொழுந்தனின் புரமோஷன் அம்போ.

லேபர் ஆபீசுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். படுத்திருந்தவர் தடுத்தார்.

“விடு. சின்னவனாவது பொழைச்சுப் போகட்டும்.”

இன்சிடென்ட் என்று எழுதிய தாளில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாமியாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. “பெரியவனுக்கு ஒரு இன்சிடென்ட்” என்று அக்கம்பக்கத்தில் அழகாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இவருக்கு வேலை போயிற்று, கொழுந்தனுக்குப் புரமோஷன் வந்தது.

நேற்று சாயங்காலம் மாமியாரிடமிருந்து போன். ஒரே அலறல்.

“ஐயோ, சின்னவனுக்கு ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சும்மா! வண்டி சறுக்கிடுச்சாம்!”

“எங்க அடி, அத்தை?”

“சுண்டு விரல் பிசகிடுச்சாம்மா!”

சிரித்துவிட்டேன். அடக்கிக்கொள்ளவும் தோன்றவில்லை.

“அப்ப அது இன்சிடென்ட், அத்தை.”

“நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று போனை வைத்துவிட்டார்.

திரும்பினேன். தம்பியைப் பார்க்கக் கிளம்பிய இவர், சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முடியாமல் என் முன்னால் வந்து நின்றார்.

“சீக்கிரம் போட்டு விடு. பாவம், புள்ளைக்கு ரொம்ப வலிக்கும்.”

ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு விட்டேன்.