குருவிநத்தத்து இருசப்பன் ஓடிப்போகவில்லை

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: குருவிநத்தம் கிராமத்தில் வசிக்கும் ஆதிமூலம் மகன் இருசப்பன், 1965ஆம் வருஷத்து யுத்தத்தின்போது இந்திய ராணுவத்தை விட்டு ஓடிப்போகவில்லை என்று, பதினான்கு வருஷம் நிதானமாக யோசித்துப் பார்த்து, மேற்படி ராணுவமே முடிவு செய்திருக்கிறது. தண்டோரா போட ஆள் கிடைக்காததால் இப்படி எழுத்தில் வருகிறது.

இத்தனை நாளும் இருசப்பன் கையில் இருந்த ராணுவக் காகிதம் வேறு மாதிரி சொன்னது. விடுப்பில் போன சிப்பாய், தந்தி கொடுத்தும் திரும்பவில்லை, ஆகவே டிஸ்மிஸ். ஊர் அதைச் சுருக்கி 'ஓடியாந்தவரு' என்று வைத்துக்கொண்டது. அந்தப் பெயரோடு கரும்பு வெட்டலாம், கல்யாணப் பந்தியில் உட்காரலாம், ஒன்றும் குறைவில்லை. 1979இல் பாகூரில் வங்கிக் கிளை ஒன்று திறக்கப்போகிறது, காவலாளி வேலைக்கு முன்னாள் ராணுவத்தார் வேண்டும் என்று சேதி வந்தபோதுதான் தொல்லை. டிஸ்மிஸ் ஆனவர் முன்னாள் ராணுவத்தார் கணக்கில் வரமாட்டாராம். வயதும் நாற்பதைத் தாண்டக் கூடாது. இருசப்பனுக்கு வருகிற மாசியோடு நாற்பது முடிகிறது.

மனைவி பவுனம்மாளையும் கூட்டிக்கொண்டு, மனு எழுதும் ஏகநாதனிடம் போனார். ஏகநாதன் எழுதும் மனுவில் முதல் பக்கம் முழுவதும் மேன்மை தங்கிய, மாட்சிமை பொருந்திய, கருணைக் கடலாகிய என்றே ஓடும். விஷயம் இரண்டாம் பக்கத்தில்தான் மூச்சுவிடும். இருசப்பனுக்காக ஏற்கெனவே மூன்று மனு எழுதியவர் அவர். மூன்றாவதற்கு ராணுவத்திலிருந்து பதில் வந்திருந்தது: "1968 மனுப்படி தங்கள் தாயாருக்கு டைபாய்டு. 1972 மனுப்படி அவர் 1965இலேயே காலமானார். 1975 மனுப்படி அதே வருஷம் அவரைப் பாம்பு கடித்திருக்கிறது. எது முதலில் நடந்தது என்று தெரிவிக்கவும்."

தாயார் ராமாயி அன்றைக்கும் களை பறித்துக்கொண்டிருந்தார்.

"இந்த தபா வெள்ளத்தப் போட்டுடலாம் இருசப்பா" என்றார் ஏகநாதன். "பெண்ணையாத்துல வெள்ளம். ஆத்தத் தாண்ட முடில. வெள்ளத்துக்கு சாட்சி கேக்கமாட்டான்."

"ரைட்டரே, எங்க மாமியாவ மூணு தபா கொன்னது போதும்" என்றாள் பவுனம்மாள். இடுப்பிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "பொட்டியத் துழாவுறப்போ கெடச்சுது. இது இன்னான்னு படி."

அது ராணுவம் அனுப்பிய தந்தி. செப்டம்பர் பன்னிரண்டுக்குள் வந்து சேரச் சொன்னது. அதன் மேல் வட்டமாக ஒரு பிரெஞ்சு முத்திரை, தேதி செப்டம்பர் பத்து. முத்திரைக்குக் கீழே பிரெஞ்சில் ஒரு வரி.

இருசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடந்தது இதுதான். தந்தி வந்த அன்று அதை முதலில் வாங்கியவர் அப்பா ஆதிமூலம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்த சொல்தா, அதாவது சிப்பாய். பட்டாளத்துக் காகிதம் எதுவானாலும் புதுச்சேரியில் வெள்ளைக்காரர் ஆபீசில், அதாவது கொன்சுலா என்கிற பிரெஞ்சுத் தூதரகத்தில்தான் காட்ட வேண்டும் என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. மகன் சேர்ந்திருப்பது வேறு நாட்டுப் பட்டாளம் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பனும் மகனும் வேட்டி சட்டையோடு வரிசையில் நின்றார்கள். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். வந்ததற்கு அடையாளமாக முத்திரை வைத்து, 'இது எங்களுடையதல்ல, உங்கள் ராணுவத்திடம் உடனே போகவும்' என்று எழுதியும் கொடுத்தார். ஆதிமூலத்துக்குப் பிரெஞ்சு பேச்சில் பன்னிரண்டு கட்டளை தெரியும், எழுத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் முத்திரை தெரியும். அவர் காலத்தில் தொரை முத்திரை போட்டால் லீவு நீட்டியாயிற்று என்று அர்த்தம்.

"குத்திட்டான்டா. கூப்புடற வரிக்கும் வூட்ல இரு" என்றார்.

இருசப்பன் வீட்டில் இருந்தார். யுத்தம் முடிந்தது. ஐப்பசியில் பட்டாளத்துக்குப் போனபோது எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். எதிரே ஐம்பது சிப்பாய்கள். வேறு தேசத்தாரின் வாசலில் போய் நின்றேன் என்று சொல்ல நா எழவில்லை. "வீட்டில்" என்றார். விசாரணை அத்தோடு முடிந்தது.

"இத்த ஏன்யா பதினாலு வருசமா சொல்லல?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

"இன்னான்னு சொல்றது? ஓடிப்போனவன்னா பயந்தவன்னு நெனப்பாங்க. இத்த சொன்னா..."

"முட்டாப்பயன்னு நெனப்பாங்க. நெனக்கட்டுமே. பயந்தவனுக்கு பேங்க்ல வேல குடுக்கமாட்டான். முட்டாளுக்குக் குடுப்பான்யா. எத்தினி பேரு இருக்காங்க."

ஏகநாதன் பேனாவை மூடினார். "இந்த மாதிரி எழுதுனா என் மனுவுக்கு இன்னா மரியாத?"

"கருணைக்கடல உட்டுட்டு எழுது. மரியாதய நாங்க பாத்துக்கறோம்."

மனு பதினோரு வரியில் முடிந்தது. மேன்மை இல்லை, மாட்சிமை இல்லை, தாயாருக்கு நல்ல ஆரோக்கியம். தந்தியையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். தபால் போனதிலிருந்து இருசப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வேலிப்பக்கம் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார்.

தை மாதம் எட்டாம் தேதி உறை வந்தது. அவர் பிரிக்கவில்லை. பவுனம்மாள் பிரித்து, அவரையும் இழுத்துக்கொண்டு போய் ஏகநாதனிடம் வாசிக்கச் சொன்னாள். குறித்த தேதிக்கு முன்பே சிப்பாய் ஓர் அலுவலகத்தில் ஆஜராகியிருக்கிறார் என்பதற்குத் தேதியிட்ட ஆதாரம் இருக்கிறது. அது தவறான அலுவலகம் என்பது வேறு விஷயம். ஓடிப்போகும் எண்ணம் இல்லை. டிஸ்மிஸ் ரத்து செய்யப்பட்டு, முறையான விடுவிப்பாக மாற்றப்படுகிறது. நடத்தை: நல்லது.

"கடைசி வார்த்தய இன்னொரு தபா படி" என்றார் இருசப்பன்.

"நல்லது."

"இன்னொரு தபா."

"யோவ், அது ஒரு வார்த்ததான்" என்றார் ஏகநாதன். இருந்தாலும் படித்தார்.

இருசப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பவுனம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

வயது முடிய ஒரு வாரம் இருக்கும்போது வங்கியிலிருந்து வேலை உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து சேர வேண்டும். ஞாயிறு இரவு, பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, இருசப்பன் அசந்து தூங்கினார்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தார்.