பதினான்காவது உருண்டை

என்னைப் பெற்றவள் முதல் நான் பெற்றவள் வரை எல்லோரும் எனக்கு வைத்திருக்கும் பெயர் அவசரக்குடுக்கை. ஓவனில் ரொட்டி வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்ப்பேன். உப்ப வேண்டிய ரொட்டி சப்பையாகிவிடும். திறந்து பார்க்காத ரொட்டியை ஒருநாளாவது சாப்பிட வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். சூரியனுக்குள் நடக்கும் அணுச் சேர்க்கையைப் பூமியில் நடத்த எரிபொருள் செய்கிறேன். கடுகளவு உருண்டை, உள்ளே வெற்றிடம். அதில் கனமான ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி, மைனஸ் இருநூற்று ஐம்பத்து நான்கு டிகிரி வரை மெல்ல மெல்லக் குளிர்வித்தால் உட்சுவர் முழுக்கப் பனி படியும். அந்தப் பனி எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேசர் அடிக்கும்போது உருண்டை கோணிக்கொள்ளும், எரியாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாயுவுக்குக் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. தானே லேசாகச் சூடு விடும். பனி தடித்த இடத்தில் சூடு அதிகம். அங்கே ஆவியாகி, மெலிந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதாவது, சும்மா விட்டால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். நான் எங்கே சும்மா விட்டேன்? ஒரு பக்கம் தடிப்பாகத் தெரிந்தால் போதும், கை துறுதுறுக்கும். வெப்பநிலையை ஒரு துளி குறைப்பேன், பனி விரிசல் விட்டுவிடும். இதுவரை செய்த பதின்மூன்றில் ஒன்பதைக் கெடுத்த பெருமை எனக்கே.

இன்று பதினான்காவது. கடைசியும்கூட. மாலை நான்கு மணிக்கு லேசர் குழு பனியின் படத்தைப் பார்த்துச் சரியென்றால் நாளை எங்கள் முறை. இல்லையென்றால் ஆறு வருட ஆய்வுக்கு மூடுவிழா.

காலையில் பையைத் திறந்தேன். ஒரு மஞ்சள் சீட்டு. மகளின் கையெழுத்தில், “அம்மா, கை வைக்காதே.”

“எங்கே ஒட்டலாம்?” என்று நிதானத்திடம் கேட்டேன். நிதானம் என்று நான் பெயர் வைத்திருப்பது குளிர்விப்பானைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனுக்கு. என்னைவிட மூன்று வயது சின்னவர். கட்டடமே தீப்பிடித்தாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

“திரையோட கீழ் மூலையில ஒட்டுங்க அக்கா. கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்.”

ஒட்டினேன். “இன்னிக்கு விரலைக்கூட வைக்க மாட்டேன், சத்தியம்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்து இயந்திர அறைக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்குத் திரையில் பனி வளையம் இடது பக்கம் புடைத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தேன். இருபது நிமிடம் தாங்கியது. பிறகு எட்டிப் பார்த்தேன், ஆள் இல்லை. துளியூண்டு குறைத்தேன். விரிசல் விடவில்லை! அரை மணியில் புடைப்பு அடங்கியது. அடேயப்பா, கடைசியில் எனக்குக் கை வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். அப்புறம் கேட்க வேண்டுமா? ஏற்றினேன், இறக்கினேன், மூன்று மணிக்குள் பதினொரு முறை. ஒவ்வொரு முறையும் பனி சொன்ன பேச்சைக் கேட்டது.

நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. லேசர் குழுத் தலைவி. பாராட்டென்றால் என்னவென்றே அறியாத அம்மாள்.

“இவ்வளவு சுத்தமான வளையத்தை நான் பாத்ததே இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு உங்க உருண்டைதான்.”

நான் போட்ட கூச்சலில் நிதானமே ஓடி வந்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? உளறிவிட்டேன்.

“உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்ப்பா. பதினோரு தடவை கை வெச்சேன். அதான் இவ்வளவு அழகா வந்திருக்கு!”

அவர் திரையருகே வந்து மஞ்சள் சீட்டை மெதுவாக உரித்தார். அதன் அடியில் சின்னச் சிவப்பு எழுத்து: பயிற்சி நிலை.

புதிதாகச் சேர்பவர்கள் பழகுவதற்கான ஏற்பாடு அது. படம் உண்மை, வெப்பநிலை எண் மட்டும் நம் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், குளிர்விப்பான் கண்டுகொள்ளாது. நான் சீட்டு ஒட்டியதும் இயந்திர அறைக்குப் போய் அதைப் போட்டுவிட்டிருக்கிறார். காலையிலிருந்து நான் ஓட்டியது வண்டியே இல்லை.

“ஏமாத்திட்டியே, பாவி!”

“போன தடவை விரிசல் விட்டப்போ, அடுத்த வாட்டி என் கையைக் கட்டிப் போடுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க? கட்டினா வலிக்குமேன்னு இப்படிப் பண்ணேன்.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி வழியிலேயே சிரிப்பாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போன் செய்து சொன்னதும் மகள், “அப்ப என் சீட்டுதான் ஜெயிச்சுது!” என்று குதித்தாள். பின்னாலிருந்து என் கணவர் ஓவனுக்கும் ஒரு பயிற்சி நிலை கிடைக்குமா என்று கேட்டார்.

பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். நாளை யாராவது இதே பனியைச் செய்ய வேண்டுமென்றால் இதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அதில் பொய் கூடாது. ‘ஆய்வாளர் செய்தது’ என்ற கட்டத்தில், ‘எதுவும் செய்யவில்லை’ என்று எழுதினேன். இந்த ஆறு வருடத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக எழுதிய வரி வேறில்லை.

நிதானம் பேனாவை வாங்கிக் கீழே சேர்த்தார்: ‘செய்யப் பார்த்தார். பதினொரு முறை.’

அதை அடித்துவிட என் கை துறுதுறுத்தது. சும்மா விட்டுவிட்டேன்.