கொடுப்பவரின் கட்டம்

எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து கொடுப்பதுதான் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிழைப்பு. புதிதாகத் தொடங்கிய சிறுநீரக மாற்றுப் பிரிவுக்கும் அவள்தான் வரைந்தாள். அந்தப் படத்தின்படி நடக்கப்போகும் முதல் ஆபரேஷனே நாளை அவள் வீட்டுக்காரர்களுக்குத்தான். அண்ணன் கொடுக்கிறான், அண்ணி வாங்கிக்கொள்கிறாள். படத்தில் பிசகு இருந்தால் யார் தலையில் விடியும்?

கணினிக்குக் கட்டம் தெரியும், கட்டத்துக்குள் இருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க ஆன்டாலஜி என்றொரு சமாச்சாரம் வந்திருந்தது. பெயர்தான் வாயில் நுழையாது. நோயாளி என்றால் யார், மருத்துவருக்கு என்ன கடமை என்று விதி விதியாக எழுதிக் கொடுத்தால், அது படத்தோடு சேர்த்துப் பார்த்து யோசிக்குமாம்.

"பச்சக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்ல வேண்டியிருக்கு" என்று பக்கத்து மேசைக்காரரிடம் அலுத்துக்கொண்டே கடைசி விதியையும் ஏற்றினாள்.

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது: 'கொடுப்பவர் நோயாளி. அவருக்குப் பொறுப்பான மருத்துவர் இல்லை.'

"கிறுக்குப் பிடிச்சிருச்சா இதுக்கு? நோயாளி உங்க அண்ணிதானே?" என்றார் அவர்.

கணினியிடமே காரணம் கேட்டாள். கொடுப்பவரின் உடல் அறுக்கப்படுகிறது. உடல் அறுக்கப்படுகிறவர் நோயாளி. நோயாளிக்கு, வீடு திரும்பும்வரை ஒரு மருத்துவர் பொறுப்பு. மூன்றும் அவள் எழுதியவை. முடிவை மட்டும் யாரும் எழுதவில்லை.

படத்தை மறுபடி திறந்து பார்த்தாள். மருந்தும் ஊசியும் கொண்டுவந்து இறக்குகிறவர்களின் வரிசையில் அண்ணனையும் வைத்திருந்தாள். சிறுநீரகம் கைமாறியதும் அவன் கட்டத்திலிருந்து அம்பு எதுவும் கிளம்பவில்லை. சரக்கு வந்தாயிற்று, ஆள் போகலாம்.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவளுக்கு மெய்சிலிர்த்தது. சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாரும் சொல்ல மறந்த ஒரு மனிதனை அல்லவா இது தேடிப் பிடித்திருக்கிறது! அந்த வரியையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவை மருத்துவரம்மா வந்து இரண்டு தரம் படித்தார். "இவருக்குன்னு ஒரு டாக்டர் போடற வரைக்கும் ஆபரேஷன் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "எனக்கு எதுக்கும்மா டாக்டரு?" என்று அவன் சிரித்தான். "அண்ணிக்குத்தானே உடம்பு சரியில்ல. நான் சும்மா வந்து குடுத்துட்டுப் போறவன்."

அவள் வரைந்த படத்தை அவன் பார்த்ததே இல்லை; ஆனாலும் அதில் இருந்ததையேதான் சொன்னான்.

"உன்னையும்தாண்ணா அறுக்கப்போறாங்க" என்றாள். அழுகை முட்டியது. "உன்னையும் ஒருத்தர் பாத்துக்கணும்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "பயமாத்தாம்மா இருக்கு" என்றான்.