கை கொடுக்கும் வரிசை

ஐந்து குழிகளில் நான்குதான் வெடித்தன. புகை அடங்கியதும் சலோமி கூடையை எடுத்துக்கொண்டு குவாரிக்குள் இறங்கினாள். முன்னால் போன அவள் புருஷன் பத்ரஸ் பாறையருகே நின்றுவிட்டான். ஓரத்துக் குழியில் திரி கருகியிருந்தது. வெடிமருந்து உள்ளேயே கிடந்தது.

கூலியாட்களை மேய்க்கும் முன்ஷி ஜூனஸ், குழியின் ஆழம் பார்க்கும் இரும்புக் கம்பியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். மேலே பாதையில் முதலாளியின் ஜீப் நின்றது.

"என்ன வேடிக்க பாக்குற? பக்கத்துல இன்னொரு குழி போடு."

"உள்ள மருந்து கெடக்கு, தம்பி," என்றான் பத்ரஸ். "இடிச்சா வெடிச்சிரும்."

ஜூனஸும் அவர்களைப் போல அதே ஊர் உராவ் பழங்குடிதான், அதே லுத்தரன் கோயில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்ரஸை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடுவான். கோயிலில் மூத்தவர்கள் எல்லோரும் சித்தப்பா, சித்தி. இளையவர்கள் தம்பி, தங்கச்சி. குவாரிக்குள் மட்டும் அவன் முன்ஷிஜி. பயத்தில் பத்ரஸுக்கு வாய் தவறிவிட்டது.

முதலாளி ஜீப்புக்குள்ளிருந்து சிரித்தார். "என்ன ஜூனஸ், ஒங்க அண்ணனா? அப்ப நீயும் சம்மட்டியத் தூக்கிட்டு எறங்க வேண்டியதுதான?"

கம்பி முதலில் பத்ரஸின் தோளில் விழுந்தது. பிறகு காதோரம். கீழே விழுந்தவனை முதுகிலும் தொடையிலும் மாறி மாறி அடித்தான். "யாருடா ஒனக்குத் தம்பி? சொல்லு, யாரு தம்பி?" ஓடிவந்து குறுக்கே கை நீட்டிய சலோமியின் முன்கையிலும் ஓர் அடி விழுந்தது.

பத்ரஸ் பாறையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. "சரி, முன்ஷிஜி," என்று கடப்பாரையை எடுத்தான். சலோமியிடம், "நீ மேல போ," என்றான்.

அவள் பாதி மேடு ஏறியிருந்தபோது பாறை வெடித்தது.

கல் சுமக்கும் கூடையிலேயே அவனைப் பொறுக்க வேண்டியிருந்தது.

ஹண்டியாக் கள்ளைக் குடித்துவிட்டு, சொல்லச் சொல்லக் கேட்காமல் போனான் என்று ஜூனஸ் போலீசிடம் சொன்னான். பத்ரஸ் குடிப்பதில்லை என்று தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தபடி சுற்றிலும் நின்றார்கள். அடக்கம் முடிந்த பிறகு பாதிரியார் சலோமியின் தலையில் கை வைத்து, "குடும்பத்துக்குள்ள நடந்தத போலீசுக்கு இழுக்காத, மகளே," என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் வாசலில் வரிசை கட்டினார்கள். வெளியே வருகிறவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே போய் வரிசையின் கடைசியில் நின்றுகொள்வார். "யேசு சகாய், சித்தி." "யேசு சகாய், அக்கா." சலோமி ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஜூனஸ் இரண்டு கைகளையும் நீட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"யேசு சகாய், அண்ணி. அண்ணன் இல்லேங்கிற கொற தெரியாம நான் பாத்துக்குறேன்."

அவள் கை கொடுக்கவில்லை. "நீதான அவர அடிச்சு அந்தக் குழிக்கு அனுப்புன? இவங்க முன்னால சொல்லு. அவரு குடிக்கலன்னு சொல்லு. எனக்கு வேற எதுவும் வேணாம்."

வரிசை நின்றுவிட்டது.

"குவாரிப் பேச்சக் குவாரியில பேசிக்கலாம், அண்ணி," என்றான் மெதுவாக. "இங்க நாம ஒரே குடும்பம்."

"கையக் குடுத்துட்டு நகரு, சலோமி. வீட்டுல சோறு ஆறுது," என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். யாரோ சிரித்தார்கள். சலோமி கையை நீட்டினாள். வீங்கிய முன்கை வலிக்காதபடி ஜூனஸ் விரல் நுனிகளை மட்டும் பிடித்துக் குலுக்கினான்.

மறுநாள் ஜீப் வந்து நிற்கும்வரை சலோமி மேட்டில் காத்திருந்தாள். பிறகு கூடை இல்லாமல் இறங்கினாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"குவாரியில பேசிக்கலாம்னு சொன்னியே, தம்பி. வந்திருக்கேன். சொல்லு."

முதலாளி ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். ஜூனஸ் ஒருமுறை மேலே பார்த்துவிட்டுக் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தான்.

முதல் அடியில் அவள் மண்டியிட்டு விழுந்தாள். "தம்பி," என்றாள் மறுபடியும்.

முந்தின நாள் அவள் கையைப் பிடித்து யேசு சகாய் சொன்ன பெண்கள் தலை நிமிரவில்லை. கம்பி விழும் ஓசைக்கு நடுவே சுத்தியல்கள் நிற்காமல் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தன.